பதிமூன்று புள்ளி பூஜ்யம்

கில்பர்ட்டின் மோட்டார் சைக்கிளில் ஹெட்லைட் மங்கிப்போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை மாதத்தில் அவர் பல்பை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், ரெகுலேட்டரை மாற்றினார், கடைசியில் மெக்கானிக்கையே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். விளக்கு மட்டும் அப்படியே இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் இத்தனை அவசரம் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை காலை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். அது தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஒரு தடவை, பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று மூன்று முறை ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்று. இது நான்காவது. இன்ஸ்பெக்டர் விளக்கு, இண்டிகேட்டர், ஹார்ன் எல்லாம் பார்த்து, சரி என்றால் இன்னும் ஐந்து வருஷம். இல்லையென்றால் குஜரிக் கடைக்குப் பழைய இரும்பாகப் போக வேண்டியதுதான். ஜனவரியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு மனைவி அன்னாவிடம் அப்படிச் சொன்னவரும் அவரேதான். இந்தத் தடவை பாஸாகாவிட்டால் வண்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டார். அப்போது ஹெட்லைட் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

பெங்களூர் பிரேசர் டவுனில் அவர் வயசுக்காரர்கள் பலர் காலை வேளைகளில் வீட்டு கேட்டுக்கு முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆட்டோ எங்கே வருகிறது என்று போனையும் தெருவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஆட்டோ வந்ததும் நாலு நம்பரைச் சொல்லி, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரி யாரோ கைப்பிடித்து ஏற்ற, உள்ளே உட்காருவார்கள். அந்த வரிசையில் தானும் போய் நிற்பதைக் கில்பர்ட்டால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவதும், ஞாயிற்றுக்கிழமை அன்னாவைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்குப் பூசைக்குப் போவதும் அந்த வண்டியில்தான். அது போனால் தான் வீட்டில் வைக்கப்பட்ட ஒரு பொருளாகிவிடுவோம் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

அதுவும் கரண்ட் விஷயத்தில் தோற்பதா? அவர் முப்பத்துநாலு வருஷம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவர். சூப்பர்வைசராக ரிடையர் ஆனவர். ஆள் உயர மோட்டார்களையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்தவரை, கைக்கடக்கமான ஒரு பேட்டரி ஆட்டிவைத்தது.

சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரியில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டரைக்கு மேல் காட்ட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பதினாலுக்குப் பக்கத்தில் ஏற வேண்டும். ஏறினால் வண்டி தன் பேட்டரிக்குத் தானே சோறு போடுகிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால், இன்ஜினுக்குள் இருக்கிற காயில் கரண்டைக் கொடுக்கவில்லை, அல்லது நடுவில் இருக்கிற ரெகுலேட்டர் அதை அமுக்கிக்கொள்கிறது.

கில்பர்ட் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அளந்தார். இன்ஜின் ஓடாதபோது பன்னிரண்டு புள்ளி பூஜ்யம். ஓடும்போது பதிமூன்று புள்ளி பூஜ்யம். இரண்டுமே போதாது. காம்பவுண்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு எழுதினார். ஐந்து வருஷத்துப் பேட்டரி, ஆயுசு முடிந்திருக்கும் என்று ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புதுசு வாங்கிவந்து மாட்டினார். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம்.

புத்தம் புதுப் பேட்டரி பன்னிரண்டில் நிற்குமா? கோபத்தோடு அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே திரும்பப் போனார். கடைக்காரர் நரேஷ் தன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு புள்ளி எட்டு இருக்கிறது, இதைவிட நல்ல பேட்டரி பெங்களூரில் கிடைக்காது என்றார். விற்கிறவனுடைய மீட்டர் விற்கிறவன் பக்கம்தான் பேசும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கில்பர்ட் வீட்டுக்கு வந்தார். வந்து அளந்தால் மறுபடி பன்னிரண்டு புள்ளி பூஜ்யம்.

தன் மீட்டரின் மேலேயே சந்தேகம் வந்தது. வேறு ஒன்று வாங்கினார். அதுவும் அதையே காட்டியது. இரண்டு மீட்டர் சேர்ந்து பொய் சொல்லாது. ஆகவே கோளாறு வண்டியில்தான் என்று அவர் முடிவுக்கு வந்ததைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்ததாக ரெகுலேட்டரை மாற்றினார். பதிமூன்று புள்ளி பூஜ்யம். எர்த் ஒயரைக் கழற்றி, போல்ட்டைப் பளபளவென்று தேய்த்து மாட்டினார். பதிமூன்று புள்ளி பூஜ்யம். காயிலிலிருந்து வருகிற ஒயரைப் பிடுங்கி அதைத் தனியாக அளந்தார். நாற்பதுக்குப் பக்கத்தில் வர வேண்டியது முப்பதில் நின்றது. அகப்பட்டான் திருடன் என்று காயிலைக் கழற்றிக்கொண்டு, வண்டியையும் தள்ளிக்கொண்டு மஸ்ஜித் ரோடு பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஜெயராஜிடம் போனார். ஜெயராஜ் இருபது வருஷமாக அந்த வண்டியைத் தொட்டவன். காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று திரும்ப மாட்டி, வண்டியை ஓடவிட்டு, மீட்டரை வைத்து, பதிமூன்று புள்ளி எட்டு என்று வாசித்தான்.

"சார்ஜிங் கரெக்டா கீது சார். லைட்டும் பக்காவா எரியுது. நீங்க சும்மா அதைக் கெளறிக்கினே இருந்தா இல்லாத கம்ப்ளெயின்ட் வந்துடும்."

கில்பர்ட் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து, சூடு ஆறுவதற்கு முன்பே அளந்தார். பதிமூன்று புள்ளி பூஜ்யம். ஜெயராஜ் கடையிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குள் முக்கால் வோல்ட்டுக்கும் மேலே எங்கே போய்த் தொலைந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை. அன்றிலிருந்து ஜெயராஜோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு நாள் காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் போய் அளந்தவருக்குப் பதிமூன்று புள்ளி எட்டு கிடைத்தது. நாலு தடவை பார்த்தார், நாலு தடவையும் எட்டு. மாடியில் குடியிருக்கும் சிரிலை, அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்த பழைய சிநேகிதரை, டீ குடிக்கக் கூப்பிட்டு வெற்றியைக் கொண்டாடினார். டீ குடித்து முடிப்பதற்குள் வெயில் அடித்தது. சிரிலுக்குக் காட்டுவதற்காக மீட்டரை வைத்தால் பதிமூன்று புள்ளி பூஜ்யம். சிரில் குனிந்து மீட்டரைப் பார்ப்பதற்குள் கில்பர்ட் ஒயரைப் பிடுங்கிச் சுவரில் எறிந்துவிட்டார்.

வெயில் பட்டால் சார்ஜ் இறங்குகிற வண்டிக்கு ஒரு குடை வாங்கிக் கட்டிவிடேன் என்று சிரில் கேலி செய்தார். கில்பர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி படுக்கையில் வெயிலுக்கும் காயிலுக்கும் என்ன சம்பந்தம் இருக்கக்கூடும் என்று மண்டையை உடைத்துக்கொண்டார். முப்பத்துநாலு வருஷத்துப் படிப்பும் ஒன்றுக்கும் உதவவில்லை.

ஆர்.டி.ஓ.வுக்கு முதல் நாள், வியாழக்கிழமை பத்து மணிக்கு, அவர் சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். தொழிற்சாலை முறைப்படி செய்வது என்று தீர்மானம். அங்கே ரீடிங் எடுக்கிற வேலையை யாரும் தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் மீட்டரைப் பார்த்து உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். எத்தனையோ பேரை இந்த விஷயத்தில் திட்டியிருக்கிறார். இங்கே தானே ஆக்சிலரேட்டரை முறுக்கி, தானே ஒயரைப் பிடித்து, தானே வாசித்து, தானே எழுதிக்கொண்டிருந்தால் தப்பு வராமல் என்ன செய்யும்? இதை இத்தனை நாள் யோசிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டு அன்னாவைக் கூப்பிட்டார்.

அன்னா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முக்காலியில் உட்காரச் சொல்லி, மீட்டரை அவள் மடியில் வைத்து, நான் இன்ஜினை முறுக்கும்போது என்ன நம்பர் வருகிறதோ அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். அவள் தலையாட்டினாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பி, ஒரு கையால் மீட்டரின் ஒயரைப் பேட்டரியில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆக்சிலரேட்டரை முறுக்கினார். அவள் தலைக்கு மேலாகக் குனிந்து அவரும் மீட்டரைப் பார்த்தார்.

"பதிமூணு புள்ளி எட்டு," என்றாள் அன்னா.

"பதிமூணு புள்ளி பூஜ்யம்," என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே அவர் சுவரில் எழுதப் போனார்.

"பூஜ்யம் இல்லீங்க. எட்டு."

சரியாகப் பார் என்றார். பார்த்துத்தான் சொல்கிறேன் என்றாள். இன்ஜினை நிறுத்தினார். இப்போது என்ன என்று கேட்டார். பன்னிரண்டு புள்ளி எட்டு என்றாள். அவர் கண்ணுக்குப் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் தெரிந்தது. ஒயரை நீ சரியாகப் பிடிக்கவில்லை என்று எரிந்து விழுந்தார். ஒயரைப் பிடித்திருந்தது அவர்தான். அன்னா அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அவர் மீட்டரைக் கையில் வாங்கினார். வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழலுக்குள் அதை வைத்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பூஜ்யத்தின் நடுவில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி மாதிரி ஒரு குறுக்குக் கோடு. அது இருந்தால் எட்டு. மீட்டரைத் தள்ளிப் பிடித்தார், கோடு போய்விட்டது. கிட்டே கொண்டுவந்தார், வந்தது. வெயிலில் திருப்பினார், சுத்தமாகப் போய்விட்டது.

"ஹெட்லைட் போடறேன், முன்னால வந்து பாரு," என்றார்.

அன்னா முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு, நன்றாகத்தான் எரிகிறது, எப்போதும் நன்றாகத்தான் எரிந்தது என்றாள். அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார். ஈரத் துணிக்குப் பின்னால் வைத்த மாதிரி ஒரு மஞ்சள் திட்டுதான் அவருக்குத் தெரிந்தது. நிமிர்ந்து எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். வெள்ளையடித்த சுவர் பழுப்பாக இருந்தது. அங்கே காயப்போட்டிருந்த வேட்டியும் பழுப்பாக இருந்தது. ஊர் பூராவும் ஒரே நாளில் வோல்டேஜ் இறங்கிவிடாது என்பது எலக்ட்ரிகல் சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்ன. அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அன்னா உள்ளே போய்விட்டாள்.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. அதைச் சொன்னால் வெட்கம்தான், ஆனால் வந்தது அதுதான். வண்டியில் ஒரு குறையும் இல்லை. நாளைக்கு இன்ஸ்பெக்டர் பார்த்தால் பாஸ். தன் கண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? போன வருஷம் அறுபது முடிந்து லைசென்ஸ் புதுப்பித்தபோது, சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, இவர் ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் நாலு வருஷத்துக்குக் கேட்பாரில்லை. அன்னா வெளியே சொல்கிறவள் இல்லை.

இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே அவர் பகல் சாப்பாட்டைச் சாப்பிட்டார். மீனில் முள் எடுக்கும்போதுதான் அந்தப் பெண்ணின் நினைவு வந்தது.

இரண்டு மாதம் முன்பு, கோல்ஸ் பார்க் திருப்பத்தில், ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்ணை அவர் வண்டி உரசிவிட்டது. சாம்பல் நிற ஸ்கூட்டர், சாம்பல் நிறச் சட்டை, காலேஜ் பெண். கீழே விழுந்து முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. வெட்டவெளியில் எங்கிருந்து வந்து குதித்தாய், கண் தெரியாதா உனக்கு என்று நடு ரோட்டில் வைத்து அவளைத் திட்டினார். கூட்டம் கூடியது. வெள்ளை முடிக்காரர் சொல்கிறாரே என்று கூட்டமும் அவர் பக்கம் பேசியது. அந்தப் பெண் தன் மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டாள். சாரி அங்கிள், சாரி அங்கிள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனாள். எங்கிருந்து வந்து குதித்தாள் என்பது அன்று முழுக்க அவருக்குப் புரியாத புதிராக இருந்தது. இப்போது புரிந்தது. அவள் எங்கிருந்தும் குதிக்கவில்லை. நேராகத்தான் வந்திருக்கிறாள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பெயர்கூடத் தெரியாத பெண், எங்கே தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது.

சாயந்திரம் சிரிலிடம் போய், நாளைக்கு ஆர்.டி.ஓ. வரைக்கும் நீ வண்டியை ஓட்டு என்றார். எத்தனையோ தடவை கெஞ்சியும் அந்த வண்டியின் சாவியைத் தொட விடாத மனுஷன் இப்படிக் கேட்டதும் சிரிலுக்குத் தலை சுற்றியது. ஏன் என்று கேட்டார். மணிக்கட்டு பிடித்துக்கொண்டது என்று கில்பர்ட் வலது கையைத் தூக்கிக் காட்டினார். காட்டின மணிக்கட்டு எல்லாப் பக்கமும் நன்றாகவே திரும்பியது.

வெள்ளிக்கிழமை, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவர் தன் வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். சிரில் கியரை உதைத்து உதைத்துப் போட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா நல்ல மாதிரி ஆள். சேசிஸ் நம்பரைத் துடைத்துப் பார்த்தார். ஹார்ன் அடிக்கச் சொன்னார். ஹெட்லைட்டைப் போடச் சொல்லி உள்ளங்கையை அதற்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, முப்பது வருஷத்து வண்டியில் இப்படி ஒரு வெளிச்சமா என்று பாராட்டினார். பிறகு ஓனர் யார் என்று கேட்டார். கில்பர்ட் முன்னால் வந்தார்.

"ஒந்து ரவுண்டு ஹோகி பன்னி," என்று கன்னடத்தில் சொல்லி, ஒரு சுற்றுப் போய்வரும்படி மைதானத்தைக் காட்டினார் இன்ஸ்பெக்டர்.

சிரில் முந்திக்கொண்டு, அவருக்கு மணிக்கட்டு வலி, நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். இன்ஸ்பெக்டர் கில்பர்ட்டின் கையைப் பார்த்தார். அந்தக் கை கட்டு எதுவும் இல்லாமல் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒரு சுற்று, நூறு மீட்டர் இருக்காது, மைதானத்தில் ஆள் நடமாட்டமும் இல்லை. ஏறி ஓட்டிவிடலாம். கில்பர்ட்டின் கால் ஒரு அடி முன்னால் போய் நின்றுவிட்டது.

"கை சரியாத்தான் இதே சார். கண்ணு காணிஸ்தா இல்லா," என்றார்.

தமிழும் கன்னடமும் கலந்து வந்தது. கண் தெரியவில்லை என்பதை வீட்டுத் தமிழில் அவரால் சொல்லியிருக்க முடியாது. கன்னடத்தில் சொன்னபோது வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தன்னைப் பற்றி என்று உறைத்தது.

இப்போது குழம்பியது இன்ஸ்பெக்டர். வண்டியில் இருக்கிற குறையை மறைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவர், நல்ல வண்டியைக் கொண்டுவந்து தன் மேல் குறை சொல்கிறவரை என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் வேறு கவுன்ட்டர், இங்கே வண்டியை மட்டும்தான் பார்ப்போம் என்று கடைசியில் சொன்னார். சிரிலை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். சிரில் கியரை உதைத்துக்கொண்டு போய்வந்தார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு மெதுவான குரலில், கண்புரையாக இருக்கும், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், எங்கள் அப்பாவுக்கும் செய்தோம், பயப்படாதீர்கள் என்றார்.

வேப்பமரத்து நிழலுக்கு வந்து கில்பர்ட் வீட்டுக்குப் போன் செய்தார்.

"பாஸாங்க?" என்றாள் அன்னா.

"வண்டி பாஸ். அஞ்சு வருஷம்." ஹெல்மெட்டை மரத்தடியில் வைத்தார். பிறகு, "அன்னா, கண் டாக்டர்கிட்ட ஒரு டோக்கன் போட்டு வை," என்றார்.

"நாளைக்குப் பத்தரைக்கு இருக்கு."

"நாளைக்கா? நான் இப்பதானே சொல்றேன்."

"ஒண்ணரை மாசமா ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் போட்டு வெக்கிறேங்க. கோயில்ல நீங்க பாட்டுப் புஸ்தகத்தைப் பார்க்காம வாயை மட்டும் அசைக்கறீங்களே, அன்னியிலிருந்து. காலைல நீங்க ஸ்பேனரை எடுத்துக்கினு வாசலுக்குப் போனதும் போன் பண்ணி கேன்சல் பண்ணிடுவேன்."

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். எதிர்முனையில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

"வண்டி போயிடும்னு நீங்க பயந்துகினு இருந்தீங்க. உங்களப் பார்க்கப் பார்க்க எனக்கும் சொல்லப் பயமா இருந்துச்சு."

கில்பர்ட் வண்டி நின்ற பக்கம் திரும்பினார். தூரத்தில் சிரில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பது ஒரு பழுப்பு அசைவாகத் தெரிந்தது.

"நாளைக்கு கேன்சல் பண்ணாத," என்றார்.